ஏடன் வளைகுடாவில் காவல் நிற்கும் இந்தியப் போர்க்கப்பல்: அன்றாடப் பயிற்சியும் பணியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்படையில் சேர விரும்பும் பிள்ளைகளும், ஏற்கெனவே கடலில் இருப்பவர்களின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடற்கொள்ளையரைப் பிடித்த செய்தி வந்தால் இரண்டு நாள் பேசுகிறோம். அந்தக் கப்பல் மற்ற நாள்களில் என்ன செய்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அந்த மற்ற நாள்கள்தான் முக்கியம்.

இந்தியக் கப்பல் அங்கே எப்போதிலிருந்து நிற்கிறது?

2008 அக்டோபரிலிருந்து. சோமாலியக் கொள்ளையர்கள் சரக்குக் கப்பல்களை வரிசையாகக் கடத்திக்கொண்டிருந்த காலம் அது. முதலில் போனது ஐ.என்.எஸ். தபார். அன்றிலிருந்து ஒரு கப்பல் திரும்பினால் இன்னொன்று அதன் இடத்துக்குப் போகிறது. ஏடன் வளைகுடாவில் சரக்குக் கப்பல்களுக்கென்று வகுக்கப்பட்ட பாதுகாப்புப் பாதை சுமார் 490 கடல் மைல் நீளம். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இந்தியக் கப்பல்கள் இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களுக்குத் துணை போயிருக்கின்றன.

2019 ஜூனில் ஓமான் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதியில் இந்தியக் கப்பல்களைக் காக்கும் 'ஆபரேஷன் சங்கல்ப்' தொடங்கியது. 2023 இறுதியில் ஏமனின் ஹூத்திக் கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்கள் மீது நடத்திய தாக்குதலும், அதே சமயத்தில் மறுபடி தலைதூக்கிய கடற்கொள்ளையும் நிலைமையை மாற்றின. அந்த டிசம்பர் 23-ஆம் தேதி 'கெம் புளூட்டோ' என்ற எண்ணெய்க் கப்பல், குஜராத் கரையிலிருந்து 217 கடல் மைல் தூரத்தில், ட்ரோனால் தாக்கப்பட்டது. எங்கோ செங்கடலில் நடக்கும் சண்டை என்று அதற்கு மேல் யாரும் சொல்ல முடியவில்லை. ஒன்றிரண்டு கப்பல் நின்ற கடற்பரப்பில் பத்துக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் நிறுத்தப்பட்டன.

புறப்படும் முன் தனியாகப் பயிற்சி உண்டா?

உண்டு. கொச்சியில் இதற்கென்றே ஒரு பயிற்சிக் குழு இருக்கிறது. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து, ஆட்களும் மாறி, புதிதாகக் கடலுக்கு வரும் கப்பலில் இவர்கள் ஏறிக்கொள்வார்கள். எச்சரிக்கை இல்லாமல் 'இயந்திர அறையில் தீ', 'சுக்கான் வேலை செய்யவில்லை', 'கேப்டன் காயம்பட்டார், அடுத்தவர் பொறுப்பேற்கட்டும்' என்று ஒவ்வொன்றாக அறிவிப்பார்கள். கப்பலில் உள்ளவர்கள் அதற்கேற்ப இயங்க வேண்டும். தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றுக்கான பள்ளி லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் இருக்கிறது. பீரங்கிப் பயிற்சி கொச்சியில் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாவில்.

ஆனால் கரையில் கற்றது சில வாரம்தான் கையில் நிற்கும். மீதியைக் கப்பலே தினமும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை, மாலை என்று கரையில் நாம் பிரிப்பதுபோல் அங்கே நாள் பிரிவதில்லை. 'வாட்ச்' எனப்படும் முறைக்காவல்தான் நாளைப் பிரிக்கிறது. நள்ளிரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், 4 முதல் 8 வரை மார்னிங் வாட்ச், பிறகு நண்பகல் வரை ஒன்று, மாலை 4 வரை ஒன்று. மாலை 4 முதல் 8 வரையான நேரத்தை மட்டும் இரண்டு இரண்டு மணியாகப் பிரித்து 'டாக் வாட்ச்' என்கிறார்கள். நான்கு மணி நேர வாட்ச் மட்டும் இருந்தால் நாளுக்கு ஆறு வரும். மூன்று குழு மாறி மாறி நின்றாலும், ஒரே குழுவுக்குத் தினமும் நடுராத்திரி வாட்ச் வந்து விழும். ஒன்றை இரண்டாகப் பிரித்ததும் எண்ணிக்கை ஏழாகிறது, முறை தானாக நகர்ந்துவிடுகிறது. பாய்மரக் காலத்து ஏற்பாடு. இன்றும் அதைவிட எளிய வழி கிடைக்கவில்லை.

வாட்ச் இல்லாத நேரம் ஓய்வு என்று நினைத்துவிடக் கூடாது. காலை எட்டு மணிக்கு வாட்ச் முடித்து வரும் இயந்திரப் பிரிவு மாலுமிக்கு, அதற்குப் பிறகுதான் அவருடைய பகல் வேலை தொடங்கும்: பம்பைக் கழற்றிப் பார்ப்பது, எண்ணெய் மாதிரி எடுப்பது, பதிவேடு எழுதுவது. இடையில் எந்த நேரமும் ஒலிபெருக்கியில் பயிற்சி அறிவிப்பு வரலாம். உப்புக் காற்றில் துரு ஒரு நாள்கூட விடுமுறை எடுக்காது. அதனால் டெக் பிரிவினர் சுரண்டுவதும் பூசுவதுமாகவே இருப்பார்கள்.

அச்சுறுத்தல் உள்ள பகுதிக்குள் நுழைந்தால் இந்த முறையும் மாறும். ஆட்கள் இரண்டே பிரிவாகப் பிரிந்து, பாதிப் பேர் எப்போதும் ஆயுதங்களோடும் ரேடார் திரைகளோடும் விழித்திருப்பார்கள். இரவில் வெளியே ஒரு துளி வெளிச்சம் தெரியாதபடி கப்பல் இருட்டாக்கப்படும்.

தினமும் செய்யும் பயிற்சியில் முக்கியமானது எது? சுடுவதா?

இல்லை. தீயணைப்பு.

கேட்பவர்கள் பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஏவுகணை, பீரங்கி என்று எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் கடலில் தீ பிடித்தால் ஓடிப் போக இடமில்லை, கூப்பிட்டால் வர வண்டியும் இல்லை. கப்பல் என்பதே எண்ணெய், வெடிமருந்து, மின்கம்பி மூன்றையும் இரும்புக்குள் அடைத்து வைத்த இடம். எனவே சமையற்காரர், எழுத்தர், சிக்னல் மாலுமி என்று எல்லோருக்கும் தீக்குழுவில் ஓர் இடம் உண்டு.

பயிற்சி எப்படி நடக்கும் என்றால்: தீயைக் கண்டவர் கத்தி அறிவித்துவிட்டு, பக்கத்தில் உள்ள கருவியால் உடனே அணைக்க முயல வேண்டும். நிமிடத்துக்குள் அந்தப் பகுதியின் மின்சாரமும் காற்றோட்டமும் துண்டிக்கப்படும். மூச்சுக் கருவி மாட்டியவர்கள் இருவர் இருவராக உள்ளே போவார்கள். புகையில் கை நீட்டினால் விரல் தெரியாது என்பதால், கண்ணைக் கட்டிக்கொண்டு தங்கள் படுக்கையிலிருந்து மேல்தளம் வரை தடவியே வரப் பழகியிருப்பார்கள். இன்னொரு குழு, எரியும் அறையின் நான்கு பக்கச் சுவர்களையும் மேலே உள்ள தளத்தையும் நீரடித்துக் குளிர்விக்கும். இரும்பு வழியாகச் சூடு பரவி அடுத்த அறையில் பெயின்ட் பற்றிக்கொள்வதைத் தடுக்கத்தான் இது.

இதற்குப் பிறகு பலரும் யோசிக்காத ஒன்று வருகிறது. அடித்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மேல்தளங்களில் தேங்கிய நீர் கப்பல் சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' என்ற பெரிய பயணிகள் கப்பலில் தீ பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீரின் எடையே அதைப் புரட்டிப் போட்டது. தீயணைப்புக் குழுவுக்கு எவ்வளவு மரியாதையோ, பம்ப் போட்டு நீரிறைப்பவருக்கும் அவ்வளவு மரியாதை தர வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பழக்கம் எதற்கு உதவுகிறது என்று 2024 ஜனவரி 26 இரவு தெரிந்தது. 'மார்லின் லுவாண்டா' என்ற எண்ணெய்க் கப்பல் ஏடன் வளைகுடாவில் ஏவுகணையால் தாக்கப்பட்டது. உள்ளே நாப்தா, பெட்ரோலைப்போலவே சட்டெனப் பற்றும் பொருள். கப்பலில் இருந்த 23 பேரில் 22 பேர் இந்தியர், ஒருவர் வங்கதேசத்தவர். உதவிக்கு வந்த ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் தன் தீயணைப்புக் குழுவிலிருந்து பத்துப் பேரைக் கருவிகளோடு அந்தக் கப்பலுக்கு அனுப்பியது. அந்தக் கப்பலின் சொந்த மாலுமிகளோடு சேர்ந்து போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவர ஆறு மணி நேரமானது. தில்லியில் குடியரசு தின அணிவகுப்பு முடிந்த அதே நாள் இரவு, முன்பின் தெரியாத கப்பலின் மேல்தளத்தில் அந்தப் பத்துப் பேரும் நின்றார்கள். அந்த எண்ணெய்க் கப்பலின் கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் பின்னர் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருது கிடைத்தது. முழுக்கத் தகுதியானவர்கள்.

ஏவுகணை அல்லது ட்ரோன் வந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கும் சாதாரணக் கப்பலெதிர்ப்பு ஏவுகணை நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் போகும். பூமியின் வளைவு காரணமாகக் கப்பலின் ரேடார் அதை 25, 30 கிலோமீட்டர் தூரத்தில்தான் முதலில் பார்க்க முடியும். இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் அது என்ன என்று அறிந்து, அனுமதி பெற்று, தற்காப்பு ஏவுகணை, ரேடாரை ஏமாற்றும் உலோகத் துகள்கள், கடைசி அரணாக ஏ.கே-630 என்ற ஆறு குழல் துப்பாக்கி என்று வரிசையாக இயக்கியாக வேண்டும்.

அதனால்தான் 'ஆக்‌ஷன் ஸ்டேஷன்ஸ்' பயிற்சியில் கடிகாரத்தை வைத்து அளக்கிறார்கள். மணி அடித்ததும் சாப்பிடுகிறவர், குளிக்கிறவர், தூங்குகிறவர் எல்லோரும் சண்டை நேரத்தில் தமக்கென ஒதுக்கிய இடத்துக்கு ஓடுவார்கள். முன்பக்கம் போகிறவர் ஒரு பக்கத்து நடைவழியாக, பின்பக்கம் போகிறவர் மறுபக்கத்து வழியாக. போகிற போக்கில் நீர்புகாக் கதவுகளை மூடிக்கொண்டே போக வேண்டும். கழுத்து முதல் மணிக்கட்டு வரை மறைத்துத் தீச்சூடு தாங்கும் முகமூடியும் கையுறையும் போட வேண்டும்.

மெதுவாக வரும் ட்ரோனுக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அது சிறியது, பறவைக்கும் மீன்பிடிப் படகின் கொடிக்கும் நடுவே ரேடாரில் தொலைந்துபோகும். இதில் கண்ணால் பார்த்துச் சொல்லும் காவலருக்குப் பழைய மதிப்பு திரும்பி வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பைனாகுலரோடு நிற்பவர் பெரும்பாலும் கப்பலிலேயே இளையவராக இருப்பார். அவர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் எல்லாமே தொடங்குகிறது.

யாராவது கடலில் விழுந்தால்?

பார்த்தவர் உடனே மிதவளையத்தை வீச வேண்டும். அதில் தானாக எரியும் விளக்கும் புகையும் இருக்கும். பிறகு விழுந்தவரைக் கையால் சுட்டிக்காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்கு நடுவில் ஒரு தலை இரண்டு விநாடியில் காணாமல் போகும். விழுந்த பக்கமே சுக்கானைத் திருப்புவார்கள். அப்போதுதான் கப்பலின் பின்பகுதியும் அதிலுள்ள புரொப்பல்லரும் அவரை விட்டு விலகும். அதே நேரம் கப்பல் முழுவதும் தலை எண்ணப்படும். இந்தப் பயிற்சிக்கு ஆள் உயரப் பொம்மையைத் தண்ணீரில் போடுவார்கள், அதுவும் பெரும்பாலும் யாரும் எதிர்பாராத வேளையில்.

நடுக்கடலில் எரிபொருள் எப்படி நிரப்புகிறார்கள்?

ஐ.என்.எஸ். தீபக், ஐ.என்.எஸ். சக்தி போன்ற எண்ணெய்க் கப்பல்கள் வந்து பக்கத்தில் ஓடும். இரண்டு கப்பல்களும் 12 முதல் 14 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில், நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில், இணையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மெல்லிய கயிறு துப்பாக்கியால் சுடப்படும், அதன் பின்னால் தடித்த கயிறு, எஃகு வடம், கடைசியில் குழாய். நடுவே ஓடும் நீரின் அழுத்தம் குறைவதால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அரை டிகிரி பிசகினாலும் தெரிந்துவிடும். ஆபத்து வந்தால் குழாயை விடுவித்து விலகும் பயிற்சியை ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் வாயால் சொல்லிப் பார்ப்பார்கள். இது இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும். அவ்வளவு நேரமும் கப்பல் வேகமாகத் திரும்ப முடியாது என்பதால் சுற்றிலும் காவல் இரட்டிப்பாக இருக்கும்.

ஹெலிகாப்டரும் விமானமும் என்ன செய்கின்றன?

கப்பலின் ரேடாருக்கு எட்டாத இடத்தை ஹெலிகாப்டர் போய்ப் பார்த்து வரும். அது கிளம்பும் முன் மாலுமிகள் வரிசையாகத் தலைகுனிந்து டெக் முழுவதும் நடந்து, ஆணி, கயிற்றுத் துண்டு, பட்டன் என்று எது கிடந்தாலும் பொறுக்குவார்கள். இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டால் ஒரு சிறு திருகாணி போதும்.

இன்னும் தூரத்துக்குக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம். இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளிதான் பி-8ஐ படையணியின் முதல் தளம். நீண்ட நேரம் பறக்கும் சீ கார்டியன் ஆளில்லா விமானங்களும் அங்கிருந்துதான் இயக்கப்பட்டன. அரபிக்கடலில் கடத்தப்பட்ட கப்பலின் மேல் வட்டமிட்டுப் படம் அனுப்பும் கண்களுக்குப் பின்னால் ராணிப்பேட்டை மாவட்டத்து ஓடுபாதை ஒன்று இருக்கிறது என்பதை நம் ஊரிலேயே பலர் அறியவில்லை.

சந்தேகப்படும் படகை எப்படிச் சோதனையிடுவார்கள்?

முதலில் வானொலியில் 16-ஆம் சேனலில் அழைப்பார்கள். எங்கிருந்து வருகிறாய், எத்தனை பேர், என்ன பிடித்தாய். அந்தக் கடலில் ஈரான், பாகிஸ்தான், ஏமன், சோமாலியா என்று பல நாட்டு மீனவர்கள் இருக்கிறார்கள், தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகையால் துப்பாக்கி இருந்தாலே கொள்ளையன் என்று சொல்ல முடியாது. கொக்கி வைத்த ஏணி, தேவைக்கு மிஞ்சிய எரிபொருள் பீப்பாய்கள், இரண்டு மூன்று வேகப் படகுகள், மீன்வலையே இல்லாத மீன்பிடிப் படகு இவற்றைத்தான் தேடுவார்கள். பிறகு கப்பலின் துப்பாக்கிகள் காவல் காக்க, ரப்பர் விளிம்புள்ள வேகப் படகில் சோதனைக் குழு போகும். குழுவில் கப்பலின் சொந்த மாலுமிகள் இருப்பார்கள், கடினமான இடங்களில் கடற்படையின் சிறப்புப் படையான மார்கோஸ் கமாண்டோக்கள்.

இதில் நிதானம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வருத்தமான சான்று ஒன்று உண்டு. 2008 நவம்பர் 18 மாலை, தபார் ஒரு 'தாய்க் கப்பலை', அதாவது கொள்ளையர் தங்கள் சிறு படகுகளுக்குத் தளமாக வைத்திருக்கும் பெரிய கப்பலை, மறித்தது. மேல்தளத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் நின்று மிரட்டினார்கள், சண்டை மூண்டது, அந்தக் கப்பல் எரிந்து மூழ்கியது. பிறகுதான் தெரிந்தது, அது கொள்ளையர் பிடித்து வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல், அதன் மீனவர்கள் உள்ளேயே இருந்தார்கள் என்று. பல நாள் கடலில் மிதந்து ஒருவர் பிழைத்தார். கொள்ளையரோடு பணயக்கைதியும் இருப்பார் என்று எண்ணித்தான் ஒவ்வொரு படகையும் அணுக வேண்டும். இதை வசதியாக மறந்துவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது அந்த மீனவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

'ரூயன்' கப்பலை மீட்டது எப்படி?

மேலே சொன்ன எல்லாப் பயிற்சியும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்த நிகழ்வு அது. மால்டா கொடியுள்ள இந்தச் சரக்குக் கப்பல் 2023 டிசம்பர் 14 அன்று கடத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து, மற்றக் கப்பல்களைத் தாக்கும் தளமாக அதைக் கொள்ளையர்கள் கடலுக்குள் ஓட்டி வந்தார்கள். 2024 மார்ச் 15-ஆம் தேதி ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்தது. உள்ளே யார் என்று பார்க்கக் கொல்கத்தா அனுப்பிய சிறு ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார்கள், கப்பல் மீதும் சுட்டார்கள். கொல்கத்தா பதிலுக்கு அதை மூழ்கடிக்கவில்லை. அளந்து சுட்டு, சுக்கானையும் வழிகாட்டும் கருவிகளையும் மட்டும் செயலிழக்கச் செய்து நிறுத்தியது.

இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரம். விமானப்படையின் சி-17 விமானம் பத்து மணி நேரம் பறந்து வந்து, மார்கோஸ் வீரர்களையும் இரண்டு ரப்பர் படகுகளையும் பாராசூட்டில் கடலில் இறக்கியது. மேலே பி-8ஐயும் ஆளில்லா விமானமும், துணைக்கு ஐ.என்.எஸ். சுபத்ராவும். நாற்பது மணி நேர முயற்சிக்குப் பின் 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள். 17 மாலுமிகளும் காயமின்றி மீட்கப்பட்டார்கள்.

நாற்பது மணி நேரம் என்றால் அந்தக் கப்பலில் எத்தனை வாட்ச் மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நேரமும் சமையல் நடந்தது, இயந்திரம் ஓடியது, யாரோ ஒருவர் தீப்பம்பின் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

பிடிபட்டவர்களை என்ன செய்வார்கள்?

திறந்த கடலில் கொள்ளைக் கப்பலைப் பிடிக்க எந்த நாட்டுப் போர்க்கப்பலுக்கும் சர்வதேசக் கடல் சட்டம் அதிகாரம் தருகிறது. தண்டிக்கத் தனிச்சட்டம் இந்தியாவில் 2022-இல்தான் வந்தது. ரூயனில் பிடிபட்ட 35 பேரும் கொல்கத்தாவிலேயே மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு மார்ச் 23 அன்று காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

கப்பலில் டாக்டர் இருப்பாரா?

பெரிய கப்பல்களில் இருப்பார். அவருடைய வேலை கப்பலோடு நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் ஓமானுக்குக் கிழக்கே சுமார் 350 கடல் மைலில் ஒரு மீன்பிடிப் படகிலிருந்து உதவி கேட்டுக் குரல் வந்தது. இயந்திரத்தில் சிக்கி ஒரு மீனவரின் விரல்கள் சிதைந்திருந்தன. அவர் பாகிஸ்தானியர். ஐ.என்.எஸ். திரிகண்ட் கப்பலின் மருத்துவர் அந்தப் படகிலேயே ஏறி மூன்று மணி நேரத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சை செய்தார், ஈரான் போய்ச் சேரும்வரை தேவையான மருந்தும் கொடுத்தார்கள். கடலில் இதுதான் முறை.

தூக்கம் கிடைக்குமா?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது. குறைவாகத்தான் கிடைக்கும், அதுவும் துண்டு துண்டாக.

மிடில் வாட்ச் முடித்து நாலேகாலுக்குப் படுத்தவரை ஆறரைக்கு எழுப்பிவிடுவார்கள். மதியம் தீப் பயிற்சி, மாலை துப்பாக்கிப் பயிற்சி, இரவு மறுபடி வாட்ச். ஒரு வாரம் இப்படிப் போனால் கண் திறந்திருக்கும், மூளை பாதி உறங்கும். இதை வீரம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்ட கடற்படைகள் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. 2017-இல் அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையில் இரண்டு நாசகாரிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதின. ஜூன் 17 அன்று நள்ளிரவு தாண்டி ஜப்பானுக்கு அருகே 'ஃபிட்ஸ்ஜெரால்டு', ஏழு பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 21 விடியுமுன் சிங்கப்பூர் நீரிணை அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்', பத்துப் பேர். எதிரி யாருமில்லை, கடலும் அமைதி. விசாரணையில் வந்த காரணங்கள்: களைப்பு, போதாத பயிற்சி, புதிய தொடுதிரைச் சுக்கானை இயக்கத் தெரியாதவர்கள் அதன் முன் நின்றது. அதற்குப் பின்தான் அங்கே உடலின் இயல்பான இரவு பகல் தாளத்துக்கு ஏற்ப வாட்ச் முறை வகுக்க உத்தரவு வந்தது.

பயிற்சி கூடினால் ஆயத்தம் கூடும் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. தூங்காதவனுக்குக் கொடுக்கும் பத்தாவது பயிற்சி அவனிடமிருந்து எதையோ பறிக்கிறது. நல்ல கட்டளை அதிகாரி ஒரு நாள் பயிற்சியை ரத்து செய்து ஆட்களைத் தூங்க விடுவார். அது சோம்பல் என்று மேலதிகாரிகள் நினைக்காத கடற்படையே நல்ல கடற்படை.

சாப்பாடு, தண்ணீர், வெயில் எப்படி?

கீரையும் தக்காளியும் முதல் ஒன்றிரண்டு வாரத்தோடு சரி. பிறகு வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, உறைய வைத்த இறைச்சி, டப்பாவில் வந்தவை. குடிநீரைக் கடல்நீரிலிருந்தே ஆர்.ஓ. இயந்திரம் பிரித்துத் தரும். அதிலும் முதல் பங்கு ஹெலிகாப்டரின் உப்பைக் கழுவவும் கப்பலை ஓட்டும் காஸ் டர்பைன் இயந்திரத்தைக் கழுவவும் போகும், மீதிதான் குளியலுக்கு. கோடையில் அங்கே கடல்நீரே 30 டிகிரியைத் தாண்டும். கடல்நீரால் குளிரூட்டப்படும் ஏசியும் மின்னணுக் கருவிகளும் திணறும். பாலைவனத் தூசி காற்றில் வந்து வடிகட்டிகளை அடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிப்பதால் கொள்ளையரின் சிறு படகுகள் வெளியே வருவது குறையும். ஆனால் அதே அலை போர்க்கப்பலையும் உருட்டும், தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

பெண்களும் போகிறார்களா?

போகிறார்கள். பெண் அதிகாரிகள் சில ஆண்டுகளாகவே போர்க்கப்பல்களில் பணியாற்றுகிறார்கள். ஒடிசாவின் சில்காவில் 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியில் பெண் மாலுமிகளும் இருந்தார்கள். வாட்சும் தீக்குழுவும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

துறைமுகத்துக்குப் போனால் ஓய்வுதானே?

சலாலா, ஜிபூட்டி போன்ற துறைமுகங்களில் எரிபொருளும் காய்கறியும் ஏற்றப் போவார்கள், கொஞ்சம் கால் நீட்டலாம். ஆனால் காவல் தளராது. 2000 அக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்காவின் 'கோல்' கப்பலை ஒரு சிறு வெடிபடகு தாக்கி 17 மாலுமிகளைக் கொன்றது. அன்றிலிருந்து எல்லாக் கடற்படைகளும் துறைமுகத்திலும் நீர்ப்பக்கம் துப்பாக்கியோடு ஆள் நிறுத்துகின்றன.

வீட்டோடு பேச முடியுமா? பல நாள் பேச்சே இல்லையென்றால் பயப்பட வேண்டுமா?

செயற்கைக்கோள் வழி மின்னஞ்சலும் அளவோடு தொலைபேசியும் கிடைக்கும். ஆனால் பணி நடக்கும்போது கப்பல் தன்னிடமிருந்து எந்த அலையும் வெளியேறாதபடி வாயடைத்துக்கொள்ளும். அப்போது நாள்கணக்கில் செய்தி வராது. அது ஆபத்துக்கு அறிகுறி இல்லை, பெரும்பாலும் வேலை நடக்கிறது என்றே பொருள். 2019 டிசம்பரில் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்ஃபோனையும் சமூக வலைத்தளங்களையும் தடை செய்தது. எதிரி உளவாளிகள் மாலுமிகளை வலைவீசிப் பிடித்துத் தகவல் கறந்தது வெளிவந்ததே காரணம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: மகனோ மகளோ எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எப்போது திரும்புகிறார் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், உறவினர் குழுவிலும் வேண்டாம். அவருடைய பிரிவின் நலத்துறைத் தொடர்பு எண்ணைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மரணம், பெரிய நோய் போன்றவற்றை அந்த வழியாகத்தான் தெரிவிக்க வேண்டும், செய்தி கட்டளை அதிகாரிக்குப் போய்விடும். வங்கி, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கு அவர் இல்லாமலே கையெழுத்திடும் ஏற்பாட்டை முன்னதாகச் செய்துவிடுங்கள். திரும்பும் தேதி என்று ஒன்றை அவர் சொல்லியிருந்தாலும் அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். மாற்றுக் கப்பல் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் அவருடைய கப்பல் அங்கிருந்து நகரும்.